இருநூற்று நாற்பது நிமிடக் கணக்கு

என்.பி.ஏ. கூடைப்பந்து அணிகளின் பலத்தைச் சீசனுக்கு முன்பே ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை, ஜூலையில் வீரர் மாற்றங்கள் ஓய்ந்ததும் சூடுபிடித்து, அக்டோபர் பிற்பகுதியில் முதல் ஆட்டம் தொடங்கும் நாள்வரை நடக்கிறது. 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 82 ஆட்டங்கள். எந்த அணி எத்தனை ஆட்டங்களை வெல்லும் என்று ஓர் எண் சொல்ல வேண்டும். பத்திரிகையில் முன்னோட்டம் எழுதுபவர், பந்தய நிறுவனத்தில் விகிதம் குறிப்பவர், அணி நிர்வாகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் இருப்பவர் என்று பலருக்கு இது பிழைப்பு. அவர்கள் கையாளும் முறைகளில் பெரிய வேறுபாடு கிடையாது. வெளியிலிருந்து பார்க்கிறவர் நட்சத்திர வீரர்களின் பெயர்களைக் கூட்டிப் பார்க்கிறார். இந்த வேலையில் ஊறியவர் நிமிடங்களைக் கூட்டிப் பார்க்கிறார்.

கணக்கு சென்ற ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் சென்ற ஆண்டின் வெற்றி எண்ணிக்கையிலிருந்து அல்ல, புள்ளி வித்தியாசத்திலிருந்து. ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளிகள் எடுத்தது, எத்தனை புள்ளிகள் கொடுத்தது, இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்பது, அடுத்த ஆண்டைப் பற்றி வெற்றி-தோல்விப் பட்டியலைவிட நம்பகமாகப் பேசும். பேஸ்பாலுக்காக பில் ஜேம்ஸ் உருவாக்கிய சூத்திரத்தைப் பின்னாளில் ஹூஸ்டன் அணியின் மேலாளராக அறியப்பட்ட டேரில் மோரி கூடைப்பந்துக்குப் பொருத்தினார். அதில் எடுத்த புள்ளிகளையும் கொடுத்த புள்ளிகளையும் 13.91 என்ற அடுக்குக்கு உயர்த்தி விகிதம் பார்க்க வேண்டும். தினசரி வேலைக்கு அவ்வளவு நுணுக்கம் தேவைப்படாது. சராசரி வித்தியாசம் ஒரு புள்ளி கூடினால் 82 ஆட்டங்களில் ஏறத்தாழ இரண்டரை வெற்றி கூடும் என்ற மனக்கணக்கே போதும். வித்தியாசம் பூஜ்யமாக இருக்கும் அணி 41 ஆட்டங்களை வெல்ல வேண்டும். கூட்டலும் கழித்தலும் அங்கிருந்து தொடங்கும்.

இந்த மனக்கணக்கு எங்கே உதவும் என்பதற்கு 2021-22 ஃபீனிக்ஸ் சன்ஸ் நல்ல சான்று. அந்த ஆண்டு அந்த அணி 64 ஆட்டங்களை வென்றது. லீக்கிலேயே அதுதான் அதிகம். ஆனால் அதன் சராசரி வித்தியாசம் ஏழரைப் புள்ளி. மனக்கணக்கு 60 வெற்றி என்கிறது. கூடுதல் நான்கு எங்கிருந்து வந்தது? கடைசி ஐந்து நிமிடங்களில் வித்தியாசம் ஐந்து புள்ளிக்குள் இருந்த ஆட்டங்களில் ஃபீனிக்ஸ் 33 வென்று 9 மட்டுமே தோற்றது. கிறிஸ் பால் போன்ற ஒருவர் பந்தைக் கையில் வைத்திருந்தது அதற்கு ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நெருக்கமான ஆட்டங்களில் அப்படி ஒரு விகிதத்தை இரண்டாவது ஆண்டும் தக்கவைக்கும் அணிகள் அபூர்வம். அடுத்த ஆண்டு ஃபீனிக்ஸ் 45 வென்றது. டெவின் புக்கருக்கு ஏற்பட்ட காயமும் பாதியில் நடந்த பெரிய டிரேடும் அந்தச் சரிவில் பங்கு கொண்டவை. ஆயினும் 64-இலிருந்து எண்ணத் தொடங்கியவர் முதல் அடியிலேயே நான்கு வெற்றி கூடுதலாகக் கணக்கு வைத்திருந்தார்.

அதிர்ஷ்டத்தைக் கழிக்க வேண்டிய இன்னோர் இடம் எதிரணியின் மூன்று புள்ளி வீச்சு. எதிரணி எத்தனை முறை மூன்று புள்ளிக்கு முயல்கிறது என்பதைத் தடுப்பாட்டம் ஓரளவு கட்டுப்படுத்தும். அந்த முயற்சிகளில் எத்தனை கூடைக்குள் விழும் என்பது பெரும்பாலும் தடுப்பவர் கையில் இல்லை. எதிரணிகள் ஓராண்டு முழுக்கக் குறி தவறியதால் தடுப்பாட்டத்தில் சிறந்தது என்று பெயர் வாங்கிய அணி, மறு ஆண்டு அதே வீரர்களை வைத்துக்கொண்டு நடுத்தரத்துக்கு இறங்குவதைப் பல முறை காணலாம். முன்னோட்டங்களில் அதற்கு ‘முனைப்பு குறைந்துவிட்டது’ என்று காரணம் எழுதப்படும். பெரும்பாலும் குறைந்தது முனைப்பு அல்ல.

புள்ளி வித்தியாசத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அணிகள் ஆடும் வேகம் வேறுபடுகிறது. 2024-25-இல் மெம்ஃபிஸ் ஓட்டமும் பாய்ச்சலுமாக ஆடியது; பாஸ்டன் மிக நிதானமாக ஆடிய அணிகளில் ஒன்று. ஒரே ஆட்டத்தில் மெம்ஃபிஸின் கைக்குப் பந்து அதிக முறை வரும், எதிரணியின் கைக்கும்தான். ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று பார்த்தால் மெம்ஃபிஸின் தாக்குதல் உள்ளதைவிடப் பெரிதாகவும் தடுப்பாட்டம் உள்ளதைவிட மோசமாகவும் தெரியும். அதனால் எல்லா அளவைகளும் 100 பந்து வாய்ப்புகளுக்கு எத்தனை புள்ளி என்றே வைக்கப்படுகின்றன. ஓர் அணியின் கைக்குப் பந்து வருவது முதல் அது எதிரணிக்குப் போவதுவரை ஒரு வாய்ப்பு. இக்கால ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஏறத்தாழ நூறு வாய்ப்புகள் கிடைப்பதால் கணக்கும் எளிது.

அந்த நூறு வாய்ப்புகளில் என்ன நடக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க டீன் ஆலிவர் 2004-இல் வெளியிட்ட ‘பாஸ்கெட்பால் ஆன் பேப்பர்’ இன்றும் அடிப்படை நூல். வீச்சின் துல்லியம், பந்தை இழத்தல், தவறிய பந்தை மீட்கும் ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ ஆகிய நான்கும்தான் ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன என்று அவர் காட்டினார். எடையும் கொடுத்தார்: வீச்சுக்கு 40 விழுக்காடு, பந்திழப்புக்கு 25, ரீபவுண்டுக்கு 20, ஃப்ரீ த்ரோவுக்கு 15. எடைகளைப் பற்றிப் பின்வந்தவர்கள் வாதாடியிருக்கிறார்கள்; வரிசையை யாரும் பெரிதாக மாற்றவில்லை. மதிப்பீட்டாளருக்கு இதன் பயன், ஓர் அணியின் ஓட்டை எங்கே என்று தெரிவதுதான். ஓட்டை தெரிந்தால்தான் கோடையில் வந்த புது வீரர் அதை அடைப்பாரா, ஏற்கெனவே நிறைந்திருக்கும் இடத்திலேயே மேலும் குவிப்பாரா என்று சொல்ல முடியும்.

இனி நிமிடங்கள். ஓர் ஆட்டம் 48 நிமிடம். களத்தில் ஐந்து பேர். ஆக, ஓர் அணிக்குப் பங்கிடக் கிடைப்பது 240 நிமிடங்கள். 82 ஆட்டங்களுக்கு 19,680. இந்த எண் மாறாது. எத்தனை நட்சத்திரங்களை வாங்கினாலும், எவ்வளவு செலவழித்தாலும், ஒருவருக்கு ஒரு நிமிடம் கூடினால் இன்னொருவருக்கு ஒரு நிமிடம் குறையும். ஆட்டத்துக்கு 35 நிமிடம் வீதம் 75 ஆட்டங்கள் ஆடும் முதல்தர வீரர்கூட 2,625 நிமிடம்தான் ஆடுகிறார். மொத்தத்தில் அது 13 விழுக்காடு. மீதியை யார் ஆடப்போகிறார்கள் என்பதை எழுதாமல் எந்த அணியையும் மதிப்பிட்டதாகச் சொல்ல முடியாது.

வேலை நடக்கும் விதம் இது. அணியின் 15 வழக்கமான ஒப்பந்த வீரர்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே எத்தனை ஆட்டம், ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம் என்று குறிக்க வேண்டும். கூட்டினால் 19,680 வர வேண்டும். முதல் முறை கூட்டும்போது அநேகமாக 22,000-க்கு மேல் போய்விடும். எல்லோரும் உடல் நலத்தோடு இருப்பார்கள், எல்லோருக்கும் அவரவர் தகுதிக்கேற்ற நிமிடம் கிடைக்கும் என்று மனம் தானாகவே எழுதிவிடுவதால் வருகிற வினை அது. பிறகு வெட்ட வேண்டும். 36 வயதுக்காரருக்கு எழுதிய 74 ஆட்டத்தை 58 ஆக்க வேண்டும். காலியாகும் நிமிடங்களை ஒன்பதாவது, பத்தாவது, பதினோராவது வீரருக்கு ஏற்ற வேண்டும். யாரும் பெயர் கேட்டிராத அந்த மூவரின் தரம்தான் பல அணிகளின் சீசனை முடிவு செய்கிறது.

நிமிடத்துக்குப் பிறகு தரம். ஒரு வீரர் களத்தில் இருக்கும்போது, 100 வாய்ப்புகளில் அணி சராசரியைவிட எத்தனை புள்ளி மேலே போகிறது என்று ஓர் எண். புள்ளிப் பட்டியலில் பெயர் வராமலே அணியைத் தூக்கிவிடும் வீரர்கள் உண்டு. ஹூஸ்டனில் ஆடிய ஷேன் பேட்டியர் அதற்கு ஊரறிந்த உதாரணம். மைக்கேல் லூயிஸ் 2009-இல் அவரைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரைதான் இந்தப் பார்வையைப் பொது வாசகர்களிடம் கொண்டுசேர்த்தது. சக வீரர்கள் யார், எதிரே நின்றவர்கள் யார் என்பதைக் கழித்துவிட்டுக் கணிக்கும் முறைகள் இன்று பல உள்ளன. 2013-14 முதல் எல்லா அரங்குகளிலும் பொருத்தப்பட்ட கேமராக்கள் தரும் தரவும் அவற்றில் சேருகிறது. எளிதாகக் கிடைக்கும் மாற்று வீரரின் தரம் சராசரிக்கு இரண்டு புள்ளி கீழே என்று வைப்பது வழக்கம்.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். சராசரிக்கு ஆறு புள்ளி மேலே இருக்கும் ஒரு வீரர் ஆட்டத்துக்கு 34 நிமிடம் ஆடுகிறார். அவர் இருக்கும் ஆட்டத்தில் அணிக்கு அவரால் நாலேகால் புள்ளி லாபம். அவருக்குப் பதில் மாற்று வீரர் அதே 34 நிமிடம் ஆடினால் ஒன்றரைப் புள்ளிக்குச் சற்றுக் குறைவான நட்டம். அந்த நட்சத்திரம் 70 ஆட்டங்கள் ஆடுவதற்கும் 20 ஆட்டங்கள் ஆடுவதற்கும் உள்ள வேறுபாடு, சீசன் சராசரியில் மூன்றரைப் புள்ளி. அதாவது எட்டு வெற்றிகளுக்கு மேல். ஒரே வீரர், ஒரே முழங்கால், எட்டு வெற்றி.

2024 செப்டம்பரில் ஃபிலடெல்பியாவைப் பற்றி எழுதியவர்கள் இந்தக் கணக்கைத்தான் நிதானமாகப் போட்டிருக்க வேண்டும். ஜோயல் எம்பீட், டைரீஸ் மேக்ஸி இருவரோடு பால் ஜார்ஜும் நான்கு ஆண்டுக்கு 21.2 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்தார். முந்தைய ஆண்டு எம்பீட் ஆடிய 39 ஆட்டங்களில் அணி 31 வென்று 8 தோற்றது. அவர் ஆடாத 43 ஆட்டங்களில் 16 வென்று 27 தோற்றது. முதல் எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு ஃபிலடெல்பியா கிழக்குப் பிரிவின் முன்வரிசை அணியாகத் தெரிந்தது. நிமிடத்தாளில் தெரிந்தது வேறு. எம்பீட் 2024 பிப்ரவரியில் முழங்கால் மெனிஸ்கஸ் அறுவை செய்துகொண்டவர். ஜார்ஜுக்கு வயது 34. முந்தைய ஆண்டு 74 ஆட்டங்கள் ஆடினார் என்றாலும் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட 60-ஐத் தொடவில்லை. அணி 24 வென்று 58 தோற்றது. எம்பீட் ஆடியது 19 ஆட்டங்கள், ஜார்ஜ் 41, மேக்ஸி 52. இவ்வளவு மோசமாகும் என்று யாரும் எழுதியிருக்க முடியாது. ஆனால் இந்த அணிக்கு மற்ற அணிகளைவிட அகலமான இடைவெளி கொடுத்து, ‘50-ம் ஆகலாம், 35-ம் ஆகலாம்’ என்று எழுதுவது அப்போதே சாத்தியமாக இருந்தது.

அதே கோடையில் ஓக்லஹோமா சிட்டி எதிர்த்திசையில் நடந்தது. முந்தைய ஆண்டு 57 வெற்றி. எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பதில் முன்னணி, ரீபவுண்டில் பின்வரிசை. பிளே-ஆஃபில் டல்லஸ் அணி ஓக்லஹோமாவின் ஜாஷ் கிடியை மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஆளில்லாமல் விட்டுவிட்டு, அவரைக் காக்க வேண்டியவரைக் கூடைக்கருகே நிறுத்தியது. அந்தத் தொடரிலேயே கிடி தொடக்க ஐவரில் இடம் இழந்தார். கோடையில் அவரைக் கொடுத்து அலெக்ஸ் கரூசோ என்ற தடுப்பாட்டக்காரரை வாங்கினார்கள். ரீபவுண்டுக்கும் தடுப்புக்கும் ஐசையா ஹார்ட்டன்ஸ்டைன் என்ற சென்டர் வந்தார். விளம்பரப் பலகையில் போடும் பெயர்கள் அல்ல இரண்டும். நிமிடத்தாளில் மட்டுமே அவற்றின் அருமை தெரியும்: பலவீனமான நிமிடங்கள் அப்படியே பலமான நிமிடங்களாக மாறின, அதுவும் இருந்த ஓட்டையிலேயே. அதன் பிறகு நடந்தது இன்னும் பாடமானது. சீசன் தொடங்கும் முன்பே ஹார்ட்டன்ஸ்டைனுக்குக் கை எலும்பு முறிந்தது. நவம்பரில் இளம் சென்டர் செட் ஹோம்கிரனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. இரண்டு உயரமானவர்களும் ஒரே சமயத்தில் வெளியே இருந்த நாட்களிலும் அணி தளரவில்லை. முடிவில் 68 வெற்றி, 14 தோல்வி, சராசரி வித்தியாசம் 12.9 புள்ளி, கோப்பை. 1971-72 லேக்கர்ஸ் அணியின் நெடுநாள் வித்தியாசச் சாதனையும் முறிந்தது. ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டரின் 32.7 புள்ளிச் சராசரி எல்லோருக்கும் தெரியும். எட்டாவது, ஒன்பதாவது வீரர்களும் சராசரிக்கு மேலே இருந்ததுதான் அந்த 12.9-ஐ உண்டாக்கியது.

நிமிடமும் தரமும் எழுதிய பின் வருவது பொருத்தம். இங்கே எண்கள் பாதி வழி மட்டுமே வரும். களத்தில் பந்து ஒன்றுதான். வீச்சும் தடுப்பாட்டமும் எந்த அணிக்குப் போனாலும் கூடவே போகும் திறமைகள். பந்தைக் கையில் வைத்திருந்தால்தான் வெளிப்படும் திறமை அப்படிப் போகாது. அதே திறமையுடைய இருவர் சேர்ந்தால் ஒருவர் மூலையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதாகிவிடும். 2012-இல் லேக்கர்ஸ் கோபி பிரையன்ட், பாவ் கசோல் இருவரோடு ஸ்டீவ் நாஷையும் டுவைட் ஹோவர்டையும் சேர்த்தபோது, காகிதத்தில் அதைவிடப் பெரிய பெயர்ப் பட்டியல் இல்லை. நாஷுக்கு வயது 38. இரண்டாவது ஆட்டத்திலேயே கால் எலும்பு முறிந்தது. ஹோவர்ட் முதுகு அறுவையிலிருந்து தேறிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் மைக் பிரவுன் ஐந்து ஆட்டங்களில் நீக்கப்பட்டார். 45 வெற்றியோடு தட்டுத்தடுமாறி ஏழாவது இடம், முதல் சுற்றிலேயே சான் அன்டோனியோவிடம் 0-4. அந்த அக்டோபரில் பயிற்சி ஆட்டங்கள் எட்டிலும் அந்த அணி தோற்றது என்பது ஒரு கொசுறுத் தகவல். பயிற்சி ஆட்டங்களின் முடிவை மதிப்பீட்டில் சேர்க்கக் கூடாது என்பது நல்ல விதி. அந்த ஓராண்டு மட்டும் விதி கேலிக்கு ஆளானது.

பொருத்தத்துக்கு நேரமும் தேவைப்படலாம். 2022 ஜூலையில் மினசோட்டா, ருடி கோபேரை வாங்க ஐந்து வீரர்களையும், புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் நான்கு முதல் சுற்று வாய்ப்புகளையும் கொடுத்தது. கார்ல்-ஆன்டனி டவுன்ஸ் என்ற உயரமான வீரர் இருக்க இன்னொரு சென்டர் எதற்கு என்று சிரித்தவர்கள் அநேகம். முதல் ஆண்டு 42 வெற்றி. முந்தைய ஆண்டைவிட நான்கு குறைவு. டவுன்ஸ் அந்த ஆண்டு 29 ஆட்டங்கள்தான் ஆடினார், இருவரும் பழக வாய்ப்பே கிடைக்கவில்லை. அதை வைத்துத் தீர்ப்பு எழுதியவர்கள் அடுத்த ஆண்டு 56 வெற்றியையும் லீக்கின் சிறந்த தடுப்பாட்டத்தையும் எதிர்பார்க்கவில்லை. சென்ற ஆண்டு நிமிடங்களே கிடைக்காத ஒரு கூட்டணியைத் தோற்ற கூட்டணியாக எண்ணக் கூடாது என்பது நிமிடத்தாளை ஒழுங்காக வைத்திருப்பவருக்குத் தானாகவே தெரிந்துவிடும்.

புதுமுகங்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. டிராஃப்டில் முதலாவதாக வந்தவரும் முதல் ஆண்டில் அணியைத் தூக்குவது அரிது. விக்டர் வெம்பன்யாமா முதல் ஆண்டில் 21 புள்ளிச் சராசரியும் ஆட்டத்துக்கு மூன்றரைத் தடுப்புகளும் தந்து சிறந்த புதுமுகமானார். அவர் வருவதற்கு முந்தைய ஆண்டு சான் அன்டோனியோ 22-60, அவர் வந்த ஆண்டும் 22-60. அதே ஊரில் 1997-இல் டிம் டங்கன் வந்ததும் 20 வெற்றி 56 ஆனதே என்று கேட்பார்கள். அங்கே காயத்தால் முந்தைய ஆண்டு ஆறே ஆட்டம் ஆடியிருந்த டேவிட் ராபின்சனும் டங்கனோடு சேர்ந்து களம் இறங்கினார். வயதைப் பொறுத்தவரை, இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர் ஆண்டுதோறும் சற்று உயர்வார், 27-28-இல் உச்சம், முப்பதைத் தாண்டியதும் மெல்லச் சரிவு. நாற்பது வயதிலும் ஆடிய லெப்ரான் ஜேம்ஸை வைத்து மற்றவர்களின் சரிவை மதிப்பிடுவது ஆபத்து.

பயிற்சியாளர் மாற்றத்துக்கு எண் கொடுப்பதுதான் இந்த வேலையிலேயே கடினம். 2024 கோடையில் கிளீவ்லாந்து, 48 வெற்றி பெற்றுத் தந்த ஜே.பி. பிக்கர்ஸ்டாஃபை அனுப்பிவிட்டு கென்னி அட்கின்சனைக் கொண்டுவந்தது. டொனவன் மிட்செல், டேரியஸ் கார்லாந்து, எவன் மோப்லி, ஜாரெட் ஆலன் என்ற மையக் குழுவில் மாற்றமே இல்லை. அந்த அணி முதல் 15 ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று 64-18 என்று முடித்தது. அப்படியானால் பழைய பயிற்சியாளர்தான் குறையா என்று பார்த்தால், பிக்கர்ஸ்டாஃப் போய்ச் சேர்ந்த டெட்ராய்ட் 14 வெற்றியிலிருந்து 44-க்கு ஏறியது. விலக்கப்பட்டவரும் வந்தவரும் ஒரே ஆண்டில் ஜெயித்தார்கள். ‘நல்ல பயிற்சியாளர், மோசமான பயிற்சியாளர்’ என்ற பிரிவினையால் இதை விளக்க முடியாது. எந்த வீரர்களுக்கு யார், எந்தக் கட்டத்தில் என்பதையும் பார்க்க வேண்டும். டெட்ராய்டின் ஏற்றத்தில் நிமிடக் கணக்கும் இருந்தது: மூன்று புள்ளிக்கு வீசத் தெரிந்த மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர், டோபியாஸ் ஹாரிஸ் ஆகிய மூவர் வந்ததால் கேட் கன்னிங்ஹாம் கூடையை நோக்கி உள்ளே புகுவதற்கு இடம் கிடைத்தது.

பணமும் பலத்தில் சேர்த்திதான். லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொண்ட 2023 ஒப்பந்தத்துக்குப் பிறகு, சம்பளச் செலவு ‘இரண்டாம் ஏப்ரன்’ எனப்படும் கோட்டைத் தாண்டும் அணிகள், டிரேடில் இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒருவரை வாங்க முடியாது. விதிவிலக்குத் தொகையைக் கொண்டு நடுத்தர வீரர்களை எடுக்கவும் முடியாது. 2024-25-இல் ஃபீனிக்ஸ் அங்கேதான் மாட்டிக்கொண்டது. கெவின் டுராண்ட், டெவின் புக்கர், பிராட்லி பீல் மூவரின் சம்பளம் மட்டும் 15 கோடி டாலருக்கு மேல். அந்த ஆண்டு ஓர் அணிக்கான சம்பள வரம்போ ஏறத்தாழ 14.06 கோடி. மீதி இடங்களில் பலவற்றைக் குறைந்தபட்ச ஒப்பந்தக்காரர்களைக் கொண்டு நிரப்ப வேண்டியிருந்தது. மூன்று நட்சத்திரங்களும் முழு நிமிடம் ஆடினாலும் 240-இல் ஏறத்தாழ 105 நிமிடம்தான் நிரம்பும் என்பதை அந்த நிர்வாகம் எப்படிப் பார்த்தது என்று புரியவில்லை.

ஆட்ட அட்டவணை எல்லா அணிக்கும் ஒன்றல்ல. தன் பிரிவிலுள்ள மற்ற 14 அணிகளோடு 52 ஆட்டங்கள், எதிர்ப் பிரிவின் 15 அணிகளோடு 30 ஆட்டங்கள். மேற்குப் பிரிவு வலுவாக இருக்கும் ஆண்டில் அங்கே நடுத்தரமாக இருக்கும் அணி, அதே பலத்தோடு கிழக்கில் இருந்தால் இரண்டு வெற்றி கூடப் பெறலாம். சொந்த அரங்கின் அனுகூலம் ஒரு காலத்தில் பத்தில் ஆறு வெற்றியாக இருந்தது. அண்மை ஆண்டுகளில் சுருங்கிவிட்டது. கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்திலுள்ள டென்வருக்கு மட்டும் அது இன்னும் சற்றுக் கூடுதல். மறுமுனையில், அடுத்த டிராஃப்டுக்காகத் தோற்பதையே விரும்பும் அணிகள். மார்ச் மாதத்தில் அவை யாரை ஆடவிடும் என்பதை அக்டோபரிலேயே ஊகிக்க வேண்டும். 2024-25-இல் யூட்டா 17 வெற்றியோடு கடைசியில் நின்றது. ஆனால் டிராஃப்ட் வரிசையைத் தீர்மானிக்கும் குலுக்கலில் அதற்கு ஐந்தாவது இடமே கிடைத்தது. 1.8 விழுக்காடு வாய்ப்பு மட்டும் வைத்திருந்த டல்லஸ் முதல் இடத்தைத் தட்டிச்சென்றது.

முப்பது அணிகளுக்கும் எண் எழுதியதும் கூட்டிப் பார்க்க வேண்டும். சீசனில் மொத்தம் 1,230 ஆட்டங்கள். ஆகவே மொத்த வெற்றிகளும் 1,230. புதிதாக இந்த வேலைக்கு வந்தவரின் பட்டியல் பெரும்பாலும் 1,280, 1,290 என்று வரும். எல்லா அணியும் கோடையில் முன்னேறிவிட்டதாகத் தோன்றும் என்பதால்தான். ஓர் அணிக்குக் கூட்டிய ஒவ்வொரு வெற்றியையும் இன்னோர் அணியிடமிருந்து பிடுங்க வேண்டும், யாரிடமிருந்து என்று பெயர் சொல்ல வேண்டும். முன்னோட்டங்களில் இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. செய்யாத பட்டியலைப் படிப்பதும் வீண்.

எண்களின் பரவலும் கவனத்துக்குரியது. உண்மையான சீசனில் 65 வெற்றி அணி ஒன்றும் 17 வெற்றி அணி ஒன்றும் இருக்கும். அதற்காகப் பட்டியலிலும் அப்படி எழுதக் கூடாது. மேலே 57, கீழே 23 என்று நெருக்கி எழுதுவதே சரி. ஓர் அணியின் பலம் சரியாகத் தெரிந்திருந்தாலும், 82 ஆட்டங்களின் வெறும் தற்செயலே நாலரை வெற்றி அளவுக்கு இப்படியோ அப்படியோ இழுக்கும். காயமும் டிரேடும் அதற்கு மேல். அணிக்கு ஆறேழு வெற்றி பிசகுவது தேர்ந்தவர்களுக்கும் வழக்கம். ஆகவே 48-க்கும் 46-க்கும் இடையே யார் மேல் என்று பத்தி பத்தியாக வாதிடுவது வாசகரை உட்கார வைக்கும் உத்தி மட்டுமே.

கோப்பைக்கான பலம் தனிக் கணக்கு. பிளே-ஆஃபில் ஆட்டங்களுக்கிடையே ஓய்வு கிடைக்கிறது, நட்சத்திரங்கள் 40 நிமிடம் ஆடுகிறார்கள், நிமிடத்தாள் எட்டு ஒன்பது பேராகச் சுருங்குகிறது. வீசத் தெரியாதவரையும் தடுக்கத் தெரியாதவரையும் எதிரணி ஏழு ஆட்டங்களும் குறிவைத்து அடிக்கும். 2023-இல் 58 வெற்றி பெற்ற மில்வாக்கி, சீசன் முழுவதும் எடுத்ததைவிட அதிகப் புள்ளி கொடுத்திருந்த மயாமியிடம் 1-4 என்று தோற்றது. முதல் ஆட்டத்திலேயே யானிஸ் அன்டெடகும்போவுக்கு முதுகில் அடிபட்டது. 2025-இல் 64 வெற்றிக் கிளீவ்லாந்தை 50 வெற்றி இண்டியானா அதே 4-1 கணக்கில் அனுப்பியது. அந்த இண்டியானா முதல் 25 ஆட்டங்களில் 10 மட்டுமே வென்றிருந்தது. அப்போதே அதைக் கைகழுவியவர்கள், 25 ஆட்டங்களுக்கும் நல்ல முன்மதிப்பீட்டுக்கும் ஏறக்குறைய ஒரே எடைதான் உண்டு என்பதை மறந்தவர்கள்.

ஏப்ரலில் சீசன் முடிந்ததும் பட்டியலை எடுத்துப் பிழை பார்ப்பது வேலையின் கடைசிப் பகுதி. எத்தனை வெற்றி தவறியது என்பதோடு நிறுத்தாமல், நிமிடம் தவறியதா, தரம் தவறியதா என்று பிரிக்க வேண்டும். உண்மையில் ஆடிய நிமிடங்களைத் தாளில் இட்டு, செப்டம்பரில் எழுதிய தர எண்களை மாற்றாமல் மறுபடி கணக்கிட்டால் பிரிந்துவிடும். 2024-25 ஃபிலடெல்பியாவின் பிழை பெரும்பாலும் நிமிடத்தில். ஃபீனிக்ஸின் கதை வேறு: புக்கர் 75 ஆட்டங்களும் டுராண்ட் 62 ஆட்டங்களும் ஆடியும் அணி 36 வெற்றியோடு நின்றது, அங்கே பிழை, அவர்களைச் சுற்றி நின்றவர்களின் தரத்தில். டல்லஸுக்கு இரண்டு தாள்கள் தேவைப்படும். பிப்ரவரி தொடக்கத்தில் லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்கு அனுப்பியதற்கு முன் ஒன்று, பின் ஒன்று. நிமிடப் பிழைகளை அந்தந்த வீரர்களின் காய வரலாற்றோடு சேர்த்துக் குறித்து வைப்பார்கள். தரப் பிழைகள் ஜூலையில் அடுத்த கணக்கு தொடங்கும்போது அந்தந்தப் பெயருக்கு எதிரே புது எண்ணாக ஏறும்.